முகவர் சார்ந்த சிமுலேஷனில் மாறிகள்: யாரிடம் வைப்பது, எப்போது மாற்றுவது?

முகவர் சார்ந்த சிமுலேஷன் என்பது, தனித்தனி நபர்கள், இடங்கள் போன்றவற்றை (இவைதான் முகவர்கள்) கணினியில் விதிப்படி இயங்கவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கும் நிரல். அதை எழுதத் தொடங்குபவரை முதல் வாரத்தில் மிரட்டுபவை பிழைச் செய்திகள். அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். எங்கே தவறு என்று அவை வாய் திறந்து சொல்லிவிடுகின்றன. உண்மையான தொல்லை வேறு: எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி, அழகான வரைபடமும் போட்டு, தவறான விடையைக் கொடுக்கும் நிரல். அப்படிப்பட்ட தவறுகளில் பெரும்பாலானவை, மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளைப் பற்றிய இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். இந்த மதிப்பு யாருடையது? அது எந்தக் கட்டத்தில் மாறுகிறது?

நான் கற்றபோது புரட்டிய கையேடுகளெல்லாம் முதல் கேள்வியை ஒரு பத்தியில் முடித்துவிட்டு, இரண்டாவதைத் தொடாமலேயே போய்விட்டன. அதனால் இங்கே இரண்டாவதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு காய்ச்சல் பரவலை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊர், அதில் ஆயிரம் பேர், அவர்களில் சிலருக்குக் காய்ச்சல். ஒரு டிக், அதாவது நிரலின் ஒரு காலப்படி, என்பது ஒரு நாள். கருவி நெட்லோகோ என்ற மென்பொருள். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. நிரலைத் திறக்கும் முன் ஒரு தாள் எடுங்கள்

தாளில் நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள்: மாறியின் பெயர், அது யாருடையது, அதன் அலகும் எல்லையும், எப்போது மாறும். நம் ஊருக்கு அது இப்படி வரும். நோய்நிலை: நபருடையது, நலம், நோய், எதிர்ப்பு என மூன்றில் ஒன்று, ஒவ்வொரு டிக்கிலும் மாறலாம். நோய்-நாள்: நபருடையது, நாள் கணக்கு, 0 முதல் 7 வரை. காற்றோட்டம்: இடத்துடையது, 0 முதல் 1 வரை, ஓட்டம் முழுவதும் மாறாது. தொற்றும் வாய்ப்பு: யாருக்கும் சொந்தமில்லாத பொது மாறி; திரையில் இழுத்து மதிப்பை மாற்றும் ஸ்லைடரில் நீங்கள் வைப்பது.

இந்தக் கட்டத்திலேயே இரண்டு பொறிகளைத் தவிர்த்துவிடலாம்.

நலமா, நோயா, எதிர்ப்பா என்று மூன்று ஆம்/இல்லை மாறிகள் வைக்காதீர்கள். எங்கோ ஓரிடத்தில் ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டுவிட்டால், ஒரே ஆள் நலமாகவும் நோயாளியாகவும் ஊரில் உலவுவார். நிரல் அதைத் தவறென்று சொல்லாது. ஒரே மாறி, மூன்று மதிப்புகள் என்று வைத்தால் இந்த முரண்பாட்டுக்கு இடமே இல்லை.

எண்ணித் தெரிந்துகொள்ளக்கூடியதைச் சேமித்தும் வைக்காதீர்கள். நோயாளிகளின் எண்ணிக்கை என்று ஒரு பொது மாறி வைத்து, தொற்றும்போது ஒன்று கூட்டி, குணமாகும்போது ஒன்று கழித்துக்கொண்டே போனால், ஒரு மரணத்தைக் கணக்கில் விட்ட அன்றே எண்ணிக்கை பிசகிவிடும். நபர்களிடம் நோய்நிலை இருக்கிறது; டிக்குக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டால் போதும்.

இந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆய்விதழுக்கோ நெறியாளருக்கோ அனுப்பும்போது ஓடிடி என்ற வடிவில் விளக்கக் குறிப்பு கேட்பார்கள். வோல்கர் கிரிம் முதலிய ஆய்வாளர்கள் 2006-இல் வகுத்து, 2010-இலும் 2020-இலும் திருத்திய வடிவம் அது. ஏழு பகுதிகள் கொண்ட அதில் இரண்டாம் பகுதி முகவர்களும் அவர்களின் நிலை மாறிகளும். மூன்றாம் பகுதி எது எந்த வரிசையில் நடக்கிறது என்பது. உங்கள் தாள் இந்த இரண்டுக்கும் நேரே போய்ப் பொருந்தும். மாதிரியை, அதாவது சிமுலேஷனை, முடித்த பிறகு இதை எழுத உட்காருபவர்கள், தாங்கள் எழுதிய நிரலையே துப்பறிந்துகொண்டிருப்பார்கள்.

2. எதில் எழுதுவது, என்ன செலவாகும்

நெட்லோகோ இலவசம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் யூரி விலென்ஸ்கியின் குழு உருவாக்கிப் பராமரிப்பது. நிறுவாமல் பிரவுசரிலேயே ஓட்டும் வலைப்பதிப்பும் உண்டு. பழகிப் பார்க்க அது போதும். நூற்றுக்கணக்கான ஓட்டங்களுக்கு டெஸ்க்டாப் பதிப்புதான் வேண்டும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு மெசா என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது, அதுவும் இலவசம். எனிலாஜிக் வணிக மென்பொருள்; கற்பவர்களுக்குத் தனியாக இலவசப் பதிப்பு தருகிறார்கள். நிரலாக்கமே புதிது என்றால் நெட்லோகோவில் தொடங்குங்கள் என்பேன். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

காசுச் செலவு இல்லை என்றாலும் நேரச் செலவு உண்டு. அதை ஒன்பதாம் படியில் பார்ப்போம்.

3. மாறியை உரியவரிடம் ஒப்படையுங்கள்

நெட்லோகோவில் நான்கு வகை முகவர்கள்: நகரும் டர்ட்டில்கள், தரையின் கட்டங்களான பேட்ச்கள், இருவரை இணைக்கும் லிங்க்குகள், எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கும் அப்சர்வர். டர்ட்டில்ஸ்-ஓன் என்ற வரியில் எழுதுவது ஒவ்வொரு டர்ட்டிலுக்கும் தனித்தனியே கிடைக்கும். பேட்சஸ்-ஓன், லிங்க்ஸ்-ஓன் அவ்வாறே. குளோபல்ஸ் என்பதில் எழுதுவது ஊருக்கெல்லாம் பொது. ஒரே ஒரு பிரதிதான்.

ஆயிரம் பேருக்கும் நோய்-நாள் ஒரே எண்ணைக் காட்டினால், அதை குளோபல்ஸில் எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். புதியவர்கள் இதில் தடுக்கி விழுவது அதிகம். ஆனால் பார்த்தவுடன் தெரிந்துவிடும் தவறு என்பதால் பெரிய தீங்கில்லை.

ஸ்லைடர், சுவிட்ச் போன்றவற்றை முகப்பில் வைத்தால் அவையே பொது மாறிகள். அதே பெயரை குளோபல்ஸிலும் எழுதினால் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று நெட்லோகோ மறுத்துவிடும். நிரலில் உள்ளதை நீக்கிவிடுங்கள்.

ஒரு டர்ட்டில், தான் நிற்கும் பேட்ச்சின் மாறியைத் தன்னுடையதைப் போலவே நேரடியாகப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். இது வசதிதான், ஆனால் உங்கள் நபர் நடந்துபோகிற போக்கில் ஊரின் காற்றோட்டத்தையே மாற்றிவிட்டுப் போகக்கூடும். எதிர்த்திசையில் இந்த வசதி இல்லை. ஒரு பேட்ச்சில் பலர் நிற்கலாம் அல்லவா? யாருடைய நோய்நிலை என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு டர்ட்டிலுக்கும் ஹூ என்று ஒரு வரிசை எண் தானாகவே வரும். அதை நம்பி விதிகள் எழுதாதீர்கள். முதல் ஐம்பது எண்கள் மருத்துவர்கள், மற்றவர்கள் பொதுமக்கள் என்று பிரித்தால், நாளை எண்ணிக்கையை மாற்றும்போது எல்லாம் குழம்பிவிடும். அதற்கென்றே இனம் வகுக்கும் பிரீட் என்ற வசதி இருக்கிறது.

4. ஆரம்ப மதிப்பை நீங்களே கொடுங்கள்

நீங்கள் அறிவிக்கும் எந்த மாறியும் 0 என்றே பிறக்கும். நோய்-நாளுக்கு 0 சரி. வயதுக்கு? ஆயிரம் கைக்குழந்தைகள் உள்ள ஊர் உருவாகிவிடும். ஆம்/இல்லை மாறியில் இதுவே வேறு விதமாகக் கடிக்கும்: அது பொய் என்று பிறப்பதில்லை, 0 என்றுதான் பிறக்கிறது. இஃப் கட்டளை அதைப் பார்த்தவுடன், உண்மை அல்லது பொய் வர வேண்டிய இடத்தில் 0 என்ற எண் வந்திருக்கிறது என்று நின்றுவிடும். புரியாத பிழைச் செய்தியில் 0 தென்பட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஆரம்ப அமைப்பை இந்த வரிசையில் வையுங்கள். முதலில் கிளியர்-ஆல். அடுத்து உங்கள் குளோபல்ஸுக்கு மதிப்பு. பிறகு பேட்ச்களுக்கு, பிறகு நபர்களை உருவாக்கி அவர்களுக்கு. கடைசி வரி ரீசெட்-டிக்ஸ். கிளியர்-ஆல் நீங்கள் நிரலில் அறிவித்த எல்லாப் பொது மாறிகளையும் 0 ஆக்கிவிடும், ஸ்லைடர்களை மட்டும் தொடாது. ஆகவே மதிப்பு கொடுத்த பிறகு கிளியர்-ஆல் எழுதினால் கொடுத்ததெல்லாம் போச்சு. ரீசெட்-டிக்ஸ் கடைசியில் வர வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு: வரைபடங்கள் தம் முதல் புள்ளியை வைப்பது அப்போதுதான்.

5. மாற்றும் கட்டளைகள்: செட், லெட், மைசெல்ஃப்

செட், முகவரிடம் ஏற்கெனவே உள்ள மாறியை மாற்றும். லெட், தான் எழுதப்பட்ட [ ] அடைப்புக்குள் மட்டும் வாழும் தற்காலிக மாறியை உருவாக்கும். அடைப்பு மூடியதும் அது மறைந்துவிடும். லெட்டில் புதிய மதிப்பைக் கணக்கிட்டு வைத்துவிட்டு, செட் மூலம் அதை நபரிடம் சேர்க்காமல் விட்டால் நிரல் ஓடும், எதுவும் மாறாது. ஊரில் ஒருவருக்கும் குணமாகவில்லை என்றால் இதைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது எல்லோரையும் ஏமாற்றும் ஒன்று. தன் தெருக்காரர்களைக் கண்டுபிடிக்க ஒரு நபர், 'தெரு எண் = தெரு எண் ஆக உள்ள டர்ட்டில்கள்' என்று கேட்பதாக வையுங்கள். கிடைப்பது ஊரிலுள்ள அத்தனை பேரும். அடைப்புக்குள் நுழைந்ததும் இரண்டு 'தெரு எண்'களும் சோதிக்கப்படுபவருடையவை ஆகிவிடுகின்றன. எவருடைய தெரு எண்ணும் அவருடைய தெரு எண்ணுக்குச் சமம்தானே? ஒரு பக்கம் 'கேட்பவருடைய தெரு எண்' என்று இருக்க வேண்டும். கேட்பவரைக் குறிக்கும் சொல் மைசெல்ஃப். செல்ஃப் என்பது இப்போது செயல்படுபவர். பெயர்கள் மிக நெருக்கம், பொருள்கள் நேர் எதிர். முகவர்களிடம் வேலையைச் சொல்லும் ஆஸ்க் கட்டளைக்குள் இன்னொரு ஆஸ்க் எழுதும்போதெல்லாம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மாறியும் யாருடையது என்று விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

பணம், எடை போன்றவற்றில் பின்னம் வந்தால் சமமா என்று சோதிக்காதீர்கள். 0.1-ஐ மூன்று முறை கூட்டினால் கணினியில் சரியாக 0.3 வராது, பதினேழாவது தசம இடத்தில் ஒரு 4 ஒட்டிக்கொண்டிருக்கும். ரூபாயை விட்டுப் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்தது.

6. ஒரே டிக்கில் யார் முதலில்?

இந்தப் படியை மட்டும் அவசரமாகத் தாண்டாதீர்கள்.

ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். முதலாமவருக்குக் காய்ச்சல். விதி எளியது: உன் இடப்பக்கத்தவர் நோயாளி என்றால் நீயும் நோயாளி. ஒரு டிக் ஓடிய பிறகு புதிதாக எத்தனை பேருக்குக் காய்ச்சல்?

ஒருவருக்கு என்று சொல்லத் தோன்றும். நோய் ஒரு நாளில் ஒருவரைத்தானே தாண்ட வேண்டும்? ஆனால் நிரலில் நபர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் செயல்படுகிறார்கள். இரண்டாமவர் முதலில் பார்த்து நோயாளியாகிறார். அடுத்து மூன்றாமவர் அவரைப் பார்த்து. பிறகு நான்காமவர், ஐந்தாமவர். இந்த வரிசையில் ஒரே நாளில் நால்வரும் படுத்துவிடுகிறார்கள். ஐந்தாமவரிடமிருந்து தொடங்கி இந்தப் பக்கம் வந்தால் ஒருவர் மட்டுமே. விதி அதே, ஆட்கள் அவர்களே, விடை மட்டும் நான்கு மடங்கு வேறு.

நெட்லோகோவின் ஆஸ்க் ஒவ்வொரு முறையும் வரிசையைக் குலுக்கிப் போடுகிறது. அதனால் நியாயம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நால்வரை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றில் 12-இல் ஒருவருக்கும், 8-இல் இருவருக்கும், 3-இல் மூவருக்கும், 1-இல் நால்வருக்கும் தொற்றும். கூட்டினால் 41, சராசரி சுமார் 1.7. குலுக்கல், ஒருவருக்கே எப்போதும் முதலிடம் கிடைக்கும் சலுகையை நீக்குகிறது. நோய் வேண்டியதைவிட வேகமாக ஓடுவதை அது நிறுத்தவில்லை. இந்த 1.7-ஐ வைத்துக்கொண்டு தொற்றும் வாய்ப்பை உண்மைத் தரவுடன் பொருத்தினால், உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு நிரலின் பழக்கத்தையும் சேர்த்து அளந்த எண்ணாகத்தான் இருக்கும்.

தீர்வு இரண்டு கட்டமாகப் பிரிப்பது. ஒவ்வொரு நபருக்கும் அடுத்த-நிலை என்று இன்னொரு மாறி கொடுங்கள். முதல் ஆஸ்க்கில் ஒவ்வொருவரும் மற்றவர்களின் நோய்நிலையை மட்டும் படித்து, தம் அடுத்த-நிலையில் எழுதட்டும். நோய்நிலையை யாரும் தொடக்கூடாது. அந்த ஆஸ்க்கை மூடுங்கள். இரண்டாவது ஆஸ்க்கில் ஒவ்வொருவரும் அடுத்த-நிலையை நோய்நிலைக்கு மாற்றிக்கொள்ளட்டும். தேர்வறையில் எல்லோரும் எழுதி முடித்து மணி அடித்த பிறகே தாள்களை வாங்குவது போல. நெட்லோகோவுடன் வரும் மாதிரித் தொகுப்பில் லைஃப் மாதிரியைத் திறந்து பாருங்கள். உயிருள்ள அண்டைக் கட்டங்களை எண்ண ஓர் ஆஸ்க், பிறக்கவும் இறக்கவும் தனியாக இன்னோர் ஆஸ்க்.

இதிலும் பொறிகள் உண்டு.

இரண்டு கட்டங்களையும் ஒரே ஆஸ்க்கின் அடைப்புக்குள் அடுத்தடுத்து எழுதினால் அது இரண்டு கட்டம் ஆகாது. ஒரு நபர் அடைப்பில் உள்ள எல்லாவற்றையும் முடித்த பிறகே அடுத்தவர் தொடங்குவார். அடைப்பை மூடி, புதிதாகத் திறப்பதில்தான் காரியமே இருக்கிறது.

முதல் கட்டத்தின் முதல் வரியில் அடுத்த-நிலையை இப்போதைய நோய்நிலைக்குச் சமமாக்குங்கள். இல்லையென்றால் எந்த மாற்றமும் நேராதவருக்கு முந்தைய டிக்கின் மிச்சமோ, முதல் டிக்கில் வெறும் 0-வோ ஒட்டிக்கொள்ளும்.

பிறருடைய அடுத்த-நிலையில் எழுதாதீர்கள். நோயாளி தன் அண்டை வீட்டாரின் அடுத்த-நிலையில் 'நோய்' என்று எழுத, அவரோ தன் கணக்குப்படி வேறு ஒன்றை எழுத, கடைசியாக எழுதியவர் சொல்வதே நிற்கும். ஒவ்வொருவரும் சுற்றிப் பார்த்துத் தம்முடையதைத் தாமே எழுதும்படி விதியைத் திருப்பிப் போட்டால் இந்தச் சிக்கல் வராது.

நெட்லோகோவில் ஒரு நுணுக்கம் உண்டு. தெரிந்துகொண்டால் சில நேரம் இரண்டாம் மாறியே தேவைப்படாது. 'எல்லா டர்ட்டில்களும்: நீ நோயாளி என்றால் பரப்பு' என்று எழுதினால், இந்த டிக்கில் தொற்றியவரும் தன் முறை வரும்போது பரப்புவார். 'நோயாளிகளாக உள்ள டர்ட்டில்கள் மட்டும்: பரப்புங்கள்' என்று, நிபந்தனைக்கு உட்பட்டவர்களை மட்டும் பிரித்தெடுக்கும் வித் போட்டு எழுதினால், நோயாளிகளின் பட்டியல் முதலிலேயே எடுக்கப்பட்டுவிடும், புதிதாகத் தொற்றியவர் அதில் இல்லை. படிக்கும்போது இரண்டு வாக்கியங்களும் ஒரே பொருள் தருவதாகத்தான் தோன்றும். விளைவு ஒன்றல்ல.

எல்லாவற்றையும் இரண்டு கட்டமாக்கிவிடலாமா? கூடாது. ஒருவர் மட்டுமே எடுக்கக்கூடிய பொருளுக்கு அது ஒத்துவராது. ஒரு காலி வீட்டை இருவர் பார்த்து, இருவரும் குடியேற முடிவு செய்து, இரண்டாம் கட்டத்தில் ஒரே வீட்டில் இரு குடும்பங்கள் நிற்கும். மருத்துவமனைப் படுக்கை, சந்தையில் கடைசி மூட்டை, காலி இருக்கை போன்றவற்றுக்குக் குலுக்கிய வரிசையில் உடனுக்குடன் மாற்றுவதே சரி; முதலில் வந்தவருக்குக் கிடைக்கும். ஒரே மாதிரியில் இரண்டு முறைகளும் இருக்கலாம். எந்த மாறி எந்த முறையில் மாறுகிறது என்பதைத் தாளின் நான்காம் பத்தியில் எழுதிவிடுங்கள்.

இது வெறும் நிரலாளர் சண்டை அல்ல. நோவாக், மே என்ற ஆய்வாளர்கள் 1992-இல் ஒரு கட்டப் பலகையில் ஒத்துழைப்பவர்களையும் ஏமாற்றுபவர்களையும் விளையாடவிட்டு, இரு தரப்பும் நெடுங்காலம் சேர்ந்தே நீடிப்பதைக் காட்டினார்கள். எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் மாறும் அமைப்பு அது. அடுத்த ஆண்டு ஹூபர்மானும் கிளான்ஸும் கட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது ஒத்துழைப்பவர்கள் மறைந்து, ஏமாற்றுபவர்களே எஞ்சினார்கள்.

இனி டிக்குக்குள் செயல்களின் வரிசை. காய்ச்சல் ஏழு நாள் என்று வைத்திருக்கிறீர்கள். தொற்று, பிறகு நோய்-நாளில் ஒன்று கூட்டல், பிறகு ஏழு ஆகிவிட்டதா என்று பார்த்துக் குணமாக்கல் என்ற வரிசையில் எழுதினால், 3-ஆம் டிக்கில் தொற்றியவருக்கு அன்றே 1 ஏறிவிடும். 9-ஆம் டிக்கின் முடிவில் 7 ஆகிக் குணமாகிவிடுவார். பரப்ப அவருக்குக் கிடைத்தவை 4 முதல் 9 வரை ஆறு நாள் மட்டுமே. நாளைக் கூட்டுவதை முதலிலும், தொற்றை நடுவிலும், குணமாக்கலைக் கடைசியிலும் வைத்தால் 4 முதல் 10 வரை சரியாக ஏழு நாள் வரும். ஒரு நோயாளியின் வாழ்க்கையைத் தாளில் டிக் டிக்காக எழுதிப் பார்த்தால் இது பிடிபடும். வரைபடத்தைப் பார்த்து ஒருபோதும் பிடிபடாது.

7. பிறப்பு, இறப்பு, இனமாற்றம்

ஹேட்ச் கட்டளையில் பிறக்கும் குழந்தை, வரிசை எண் தவிர, பெற்றவரின் மாறிகள் எல்லாவற்றையும் அப்படியே கொண்டு பிறக்கும். வயது நாற்பது, நோய்-நாள் ஐந்து, கையில் பெற்றவர் வைத்திருந்த அதே அளவு பணம். பணமோ ஆற்றலோ உள்ள மாதிரியில் இது நோட்டு அச்சடிப்பதற்குச் சமம்: ஊரின் மொத்தச் செல்வம் பிறப்புக்குப் பிறப்பு ஏறும். பெறுவதற்கு முன் பெற்றவரின் இருப்பைப் பாதியாக்குங்கள். குழந்தையின் மற்ற மாறிகளை ஹேட்ச்சின் அடைப்புக்குள்ளேயே புதிதாக வையுங்கள்.

இறக்கச் செய்யும் டை என்ற கட்டளை வந்ததும் அந்த நபர் அங்கேயே முடிந்தார். அதே அடைப்பில் அதற்குப் பிறகு உள்ள வரிகள் அவருக்கு ஓடாது. சொத்தை வாரிசுக்கு மாற்றுவதை அதற்கு முன்னால் எழுதுங்கள். துணை, நண்பர் என்று இன்னொருவரை மாறியில் வைத்திருந்தால், அவர் இறந்ததும் அங்கே நோபடி (யாருமில்லை) என்பதுதான் இருக்கும். அவரிடம் எதையும் கேட்கும் முன் நோபடியா என்று சோதியுங்கள்.

இனம் மாற்றினால் பழைய இனத்துக்கு மட்டும் உரிய மாறிகள் போய்விடும். மாணவர் ஊழியராகும்போது மாணவருக்கான மதிப்பெண் வேண்டுமென்றால், அதை எல்லா டர்ட்டில்களுக்கும் பொதுவாக அறிவித்திருக்க வேண்டும்.

8. பட்டியல்கள்: நெட்லோகோவிலும் பைத்தானிலும்

நெட்லோகோவில் பட்டியல் மாறாதது. ரீப்ளேஸ்-ஐட்டம் பழைய பட்டியலைத் திருத்துவதில்லை, திருத்திய புதுப் பிரதியைத் தருகிறது. அதை மறுபடி செட் செய்து வைத்தால்தான் நிற்கும்.

பைத்தானில் நேர் எதிர். அங்கே பட்டியல் இருந்த இடத்திலேயே மாறும். ஒரே பட்டியலை இருவர் பிடித்துக்கொண்டிருக்கலாம். மெசாவில் முகவர் வகுப்பின் தலைப்பிலேயே, தொடக்கச் செயல்கூறுக்கு வெளியே, வெறும் பட்டியல் ஒன்றை வைத்தால் ஆயிரம் பேருக்கும் அந்த ஒரே பட்டியல்தான். ஒருவர் தன் நினைவில் எழுதுவது எல்லோருடைய நினைவிலும் தெரியும். இனிட் என்ற அந்தத் தொடக்கச் செயல்கூறுக்குள், செல்ஃப் என்பதை முன்னால் வைத்து உருவாக்குங்கள்.

மெசா 3-ஆம் பதிப்பு முதல், முகவர்களை முறைப்படி இயக்கிய பழைய ஷெட்யூலர்கள் வழக்கொழிந்து, முகவர்களின் தொகுப்பிடமே வேலையைச் சொல்லும் முறை வந்திருக்கிறது. டூ என்றால் அடுக்கிய வரிசையிலேயே ஓடும், ஷஃபிள்-டூ என்றால் குலுக்கி ஓடும். வெறும் டூ போட்டு உடனுக்குடன் மாற்றினால் முதலில் உருவாக்கப்பட்டவருக்கே நாள்தோறும் முதல் வாய்ப்பு. இரண்டு கட்டத்துக்கு, ஸ்டெப் என்று ஒரு டூ, அட்வான்ஸ் என்று இன்னொரு டூ. ரேண்டம் ஆக்டிவேஷன் என்ற பழைய ஷெட்யூலருடன் தொடங்கும் பாடம் கண்ணில் பட்டால் அது பழைய பதிப்புக்கானது, கடந்து போங்கள்.

9. நேரமும் இடமும்

ஒவ்வொரு நபரும் ஆஸ்க்குக்குள் 'ஊரில் எத்தனை நோயாளிகள்' என்று எண்ணினால், ஆயிரம் பேரும் ஆயிரம் பேரைச் சோதிக்கிறார்கள்: டிக்குக்கு 10 லட்சம் சோதனை. டிக்கின் தொடக்கத்தில் ஒருமுறை எண்ணிப் பொது மாறியில் வைத்து, எல்லோரும் அதைப் படிக்கட்டும். இது ஒரு டிக்குக்கான குறிப்புச் சீட்டு மட்டுமே. அடுத்த டிக்கில் புதிதாக எண்ணுவதால் முதல் படியில் சொன்னதற்கு முரண் இல்லை.

பதிவு செய்வதிலும் பேராசை வேண்டாம். ஆயிரம் பேர், ஐந்து மாறிகள், 365 டிக் என்றால் ஓர் ஓட்டத்துக்கு 18,25,000 மதிப்புகள். நூறு ஓட்டத்துக்கு 18 கோடியைத் தாண்டும். எக்செல் திறக்காது, நீங்களும் படிக்கப் போவதில்லை. ஊர் அளவிலான எண்ணிக்கைகளை டிக்குக்கு ஒருமுறையும், தனிநபர் விவரத்தைத் தேவையான சில ஓட்டங்களில் மட்டும் பத்து டிக்குக்கு ஒருமுறையும் எழுதுங்கள்.

தொற்றும் வாய்ப்புக்கு ஐந்து மதிப்புகள், நோய்க் காலத்துக்கு நான்கு, ஒவ்வொன்றுக்கும் முப்பது மறு ஓட்டம் என்றால் 600 ஓட்டங்கள். ஓர் ஓட்டத்துக்கு 20 வினாடி என்றால் மூன்று மணி இருபது நிமிடம். இந்தப் பெருக்கலை மாலையில் போட்டுப் பார்த்துவிட்டு இரவில் ஓட விடுங்கள். பல ஓட்டங்களைத் தானாக நடத்தும் நெட்லோகோவின் பிஹேவியர்ஸ்பேஸ் கருவி, கணினியின் பல கோர்களில் இணையாக ஓட்டும். காட்சித் திரையையும் வரைபடங்களையும் புதுப்பிப்பதை அணைத்துவிடுங்கள். வெளியீட்டுக்கு ஸ்பிரெட்ஷீட் வடிவத்தை விட டேபிள் வடிவமே மேல்: அது ஓட ஓட எழுதிக்கொண்டே போகும். ஸ்பிரெட்ஷீட் கடைசியில்தான் எழுதும், நடுவில் மின்சாரம் போனால் கையில் ஒன்றும் இருக்காது.

10. சரிபார்ப்பதும் சேர்த்து வைப்பதும்

பெரிய ஊரை ஓட்டும் முன் ஆறாம் படியின் ஐந்து பேரை வரிசையாக நிறுத்தி ஒரு டிக் ஓட்டுங்கள். கையால் போட்ட கணக்கும் திரையும் ஒத்துப்போக வேண்டும். பிறகு ஒவ்வொரு டிக்கின் முடிவிலும் இரண்டு சோதனைகள் வையுங்கள்: நலம், நோய், எதிர்ப்பு மூன்றையும் கூட்டினால் மொத்த மக்கள்தொகை வருகிறதா, எவரிடமாவது எல்லை தாண்டிய மதிப்பு இருக்கிறதா. கூட்டல் பொருந்தாவிட்டாலோ, எல்லை தாண்டிய மதிப்பு இருந்தாலோ நிரல் அங்கேயே நிற்கட்டும். தொற்றும் வாய்ப்பை 0 ஆக்கினால் யாருக்கும் பரவக்கூடாது. 1 ஆக்கினால் டிக்குக்கு ஒரு வட்டமாக விரிய வேண்டும். அதைவிட வேகமாக விரிந்தால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

குலுக்கல்களின் தொடக்கப் புள்ளியை நிர்ணயிக்கும் ரேண்டம்-சீட் கட்டளையில் ஓர் எண்ணைக் (சீட் எண்) கொடுத்தால் அதே ஓட்டத்தை மறுபடி பெறலாம். ஆனால் நடுவில் ஓர் ஆஸ்க்கைச் சேர்த்தாலே, அது வெறுமனே எதையோ திரையில் எழுதுவதற்கென்றாலும், அதற்குப் பிறகு வரும் குலுக்கல்கள் எல்லாம் மாறிவிடும். ஆஸ்க்கின் வரிசைக் குலுக்கலும் அதே எண் ஓடையிலிருந்துதான் எடுக்கிறது. அந்த வேறுபாட்டைப் பிழை என்று எண்ணித் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒவ்வொரு சோதனைத் தொடருக்கும் ஒரு கோப்புறை போட்டு இவற்றை ஒன்றாக வையுங்கள்: மாதிரிக் கோப்பு, அந்த நாளைய மாறித் தாள், ஓடிடி குறிப்பு, சீட் எண்கள், வெளியீட்டுக் கோப்பு, மென்பொருளின் பதிப்பு எண். கடைசியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நெட்லோகோ 7 கோப்பு வடிவத்தையே மாற்றிவிட்டது. 6-இல் எழுதியதை அதில் திறக்கலாம், ஆனால் 7-இல் சேமித்ததை 6 வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பினால் அவரால் திறக்க முடியாது. புதுப் பதிப்புக்கு மாறும் முன் பழைய கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.